எஸ்.ஐ.யை மாற்றினால் போதுமா? ஒரு வியாபாரியின் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். தென்மாவட்டத்துச் சிறுநகர் ஒன்றில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர். பக்கத்துச் செல்போன் கடையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பையனை, பைக் திருட்டு ஒன்று விசாரிக்க வேண்டும் என்று இரவு பதினொரு மணிக்கு மப்டியில் வந்த இரண்டு பேர் கூட்டிப் போனார்கள். மறுநாள் இரவுதான் விட்டார்கள். தொடையிலும் உள்ளங்காலிலும் பிளாஸ்டிக் பைப்பால் அடித்திருக்கிறார்கள். வெள்ளைத்தாளில் இரண்டு கையெழுத்து வேறு வாங்கியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, எந்தக் காகிதமும் இல்லை. காணாமல் போன பைக் பிறகு வேறு ஊரில் கிடைத்துவிட்டது.

ஊரே கொதித்துப்போய் இருக்கிறது. கடையடைப்பு, பஸ் ஸ்டாண்ட் முன்னால் மறியல் என்று பேசி வைத்திருக்கிறோம். 'எஸ்.ஐ.யை சஸ்பெண்ட் செய், விசாரணைக் கமிஷன் அமை, காவல்துறையைச் சீர்திருத்து' என்று பேனரும் அடிக்கக் கொடுத்தாயிற்று. முன்னால் நிற்கிற பையன்களில் இரண்டு பேர் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறார்கள். கேஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் வீட்டில் பயம். கவுன்சிலர் ஒருவர் 20,000 ரூபாய் வாங்கித் தருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். சாதிச் சங்கத்துக்காரர்கள் சிலரும் மேடையேறத் தயாராக இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு ஊர்க்காரர்கள் போலீஸ் சீர்திருத்தம் கேட்டால் யார் காதில் விழும்? எதைத்தான் கேட்பது?

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே ஃபோனில் பேசி, இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்க முடியாத வேலைகளைச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்காக அவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பேனருக்கு அப்புறம் வருவோம்.

பையனை ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். தனியாரிடம் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்களே, அதற்கு நீதிமன்றத்தில் தனி எடை உண்டு. யார் அடித்தது, எங்கே, எப்போது என்று டாக்டர் கேட்பார். அந்த இடத்தில் பயந்துபோய் 'வண்டியிலிருந்து விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால், பிறகு எத்தனை வக்கீல் வந்தாலும் அந்த ஒற்றை வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்களின் கதை நம் மாநிலத்தில் மீம் ஆகிவிட்டது. அந்தக் கதைக்கு ஆதாரமாக நிற்பதும் இப்படிப்பட்ட வரிகள்தான். உள்ளங்கால் அடி சட்டென்று வெளியே தெரியாது. கால் வீக்கத்தையும் தொடைத் தழும்பையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கவும் சொன்னேன்.

அடுத்தது கேமரா. எந்தப் போராட்டத்தையும்விட அவசரம் இதுதான். 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, அதிகாரிகளின் அறை என்று எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு அப்படி. நடப்பு வேறு. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் என்ன கண்டார் தெரியுமா? ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். பிறகு இறந்துபோன வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே அடிபட்ட ஜூன் 19 இரவின் பதிவு அதில் இல்லை.

அதனால்தான் உங்களிடம், எஸ்.பி.க்கு உடனே ஒரு பக்கக் கடிதம் அனுப்பச் சொன்னேன். இன்ன தேதி இரவு பதினொரு மணியிலிருந்து மறுநாள் நள்ளிரவு வரை இன்ன நிலையத்தின் எல்லாக் கேமராப் பதிவுகளையும் அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்பது மட்டும் போதும். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. நகல் ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும். பதிவு நம் கைக்குக் கிடைக்குமா என்பது பிந்தைய கேள்வி. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பதிவு அழிந்தால், அழிந்ததற்கு அவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது புகார். அதே ஸ்டேஷனில் போய்க் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுக்காக நிற்க வேண்டிய அவசியமில்லை. நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு சொல்கிறது. அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவர் மன்றம். வாக்குமூலம் வாங்குவதற்காகவோ பொருளை மீட்பதற்காகவோ அடித்துக் காயப்படுத்துவது புதிய தண்டனைச் சட்டத்தில் 120-ஆவது பிரிவு. சாதாரணக் காயமென்றால் 7 ஆண்டு வரை, கொடுங்காயமென்றால் 10 ஆண்டு வரை சிறை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிய விஷயத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் அந்தத் தாள் என்னவாக உருமாறி வந்தாலும், நாம் முன்பே சொல்லியிருக்கிறோம் என்று காட்டலாம். பெயர் தெரியாதவர்களை 'நேரில் பார்த்தால் அடையாளம் காட்ட முடியும்' என்று எழுதினால் போதும். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அதை வெறும் தபால்பெட்டி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. பையன் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், அப்போது விசாரிப்பவரே டி.எஸ்.பி. நிலை அதிகாரியாகத்தான் இருக்க முடியும்.

இனி பேனர்.

வருத்தப்படாதீர்கள், அண்ணாச்சி. அதில் இருக்கும் மூன்று கோரிக்கைகளும் அரசு நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடித்தமானவை. 'சஸ்பெண்ட் செய்' என்றால் சாயங்காலத்துக்குள் செய்துவிடுவார்கள். அதுவும் வேண்டாமென்றால் ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல். கூட்டம் கைதட்டிக் கலைந்துவிடும். சஸ்பென்ஷன் ஒரு தண்டனையே அல்ல. விசாரணை முடியும்வரை தள்ளிவைப்பது, அவ்வளவுதான். பிழைப்பூதியமும் உண்டு. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக உதவிக் கண்காணிப்பாளர் ஒருவர் மீது புகார் எழுந்து நாடே பேசியது. சஸ்பெண்ட் செய்தார்கள். 2024 தொடக்கத்தில் அந்த சஸ்பென்ஷன் ரத்தாகிவிட்டது, வழக்கு நிற்கும்போதே. முதல் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது செய்தியை எத்தனை பேர் படித்தார்கள்?

விசாரணைக் கமிஷனும் அப்படித்தான். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். உழைத்து எழுதப்பட்ட அறிக்கை. ஆனால் ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. ஒரு பையனின் காலில் விழுந்த அடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

'காவல்துறையைச் சீர்திருத்து' என்ற மூன்றாவது வரிக்கு யார் முகவரி? எஸ்.பி. படித்துவிட்டு, இது நம் கையில் இல்லை என்பார். அமைச்சர் படித்துவிட்டு, நாங்களும் அதைத்தான் சொல்கிறோம் என்பார்.

அப்படியானால் ஜனங்கள் தெருவுக்கு வந்து எதுவுமே மாறியதில்லையா? மாறியிருக்கிறது, அதைத்தான் உங்கள் சங்கம் உற்றுப் பார்க்க வேண்டும். சாத்தான்குளத்துக்குப் பிறகு மாநிலமெங்கும் வியாபாரிகள் கடையை இறக்கினார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. அந்த நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைத்துத் தடயங்களைக் காக்கச் சொன்னது. உள்ளே நடந்ததை ஒரு தலைமைப் பெண் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். கொலை வழக்கு, சி.பி.ஐ. எல்லாம் அதற்குப் பின். அந்த ஜூலையிலேயே 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்புக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தது. சீருடையும் இல்லாமல் பொறுப்பும் இல்லாமல் நிலையங்களில் உலவிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் அதோடு நின்றது.

2025 ஜூனில் திருப்புவனம். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணோம் என்ற புகாரில் தனிப்படையிடம் சிக்கி, 28-ஆம் தேதி இறந்தார். யாரோ ஒருவர் மறைவாக நின்று செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சி வெளியே வந்ததால்தான் கதை மாறியது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கூடவே, எந்த உத்தரவும் இல்லாமல் மாவட்டங்களில் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார்.

ஆள் போவதோடு நிற்காமல் ஏற்பாடே மாறிய இடங்கள் இவை. உங்கள் கடிதத்தில் 'மப்டியில் வந்த இரண்டு பேர்' என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. கலைக்கப்பட்டதாகச் சொன்ன தனிப்படை உங்கள் ஊரில் இன்னும் ஓடுகிறதா? அந்த இருவர் எந்த நிலையத்துக்காரர்கள், எந்த எழுத்து உத்தரவில் வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு 'சஸ்பெண்ட் செய்தாச்சு' என்று பதில் சொல்ல முடியாது.

ஏன் அடிக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எஸ்.ஐ. கெட்டவர் என்பதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்து வருபவரும் அடிக்கும்போது நமக்கு வியப்பாக இருக்கும். திருட்டு வழக்கில் மேலதிகாரி கேட்பது ஒன்றே ஒன்று: 'ரெக்கவரி ஆச்சா?' போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகச் செல்லாது என்பது சட்டம். ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு. புதிய சட்டத்தில் 23-ஆவது பிரிவுக்குள் போயிருக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. 'பொருள் எங்கே, சொல்லு' என்ற அடி அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது. கைரேகை, செல்போன் டவர், கேமரா என்று தேட ஆளும் நேரமும் இல்லாத நிலையத்தில் பைப் மலிவான கருவியாகிவிடுகிறது. காவலருக்கு வார விடுமுறை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் உத்தரவு வந்தது. உங்கள் ஊர் ஏட்டு ஒருவரிடம் தனியாக டீ குடிக்கும்போது, அது கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அடித்ததற்கு இது சமாதானமல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் சீர்திருத்தத்தில் அந்த ஏட்டுக்கும் பங்கு உண்டு என்று மேடையில் ஒருவர் சொன்னால், உள்ளிருந்து சாட்சி சொல்ல ஒருவருக்காவது தைரியம் வரலாம்.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்கும் திருட்டு விசாரணைக்கும் கிட்டி போடுவது, அண்ணாந்தாள் கட்டுவது என்று சித்திரவதை நடப்பதை எதிர்த்துக் கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் தொடங்கிய சென்னை சுதேசி சங்கமும் லண்டன் பாராளுமன்றம் வரை மனுப் போட்டார்கள். அதன் பயனாக அமைந்த சித்திரவதை விசாரணைக் குழு, புகார் உண்மைதான் என்று 1855-இல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கும் கையிலிருந்து போலீஸ் வேலையைப் பிரித்து 1859-இல் வந்த சட்டம்தான் இன்றும் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம். லட்சுமிநரசு செட்டியும் உங்களைப் போல வியாபாரிதான், அண்ணாச்சி.

சரி, எதைக் கேட்பது? யாரால் எது முடியுமோ அதை அவரிடம் கேளுங்கள், அதுவும் எழுத்தில் பதில் வாங்கும்படி.

எஸ்.பி.யிடம்: அந்த இரவின் கேமராப் பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று எழுத்தில் பதில். நிலையத்தில் எத்தனை கேமரா, எத்தனை வேலை செய்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்ற விவரம். சம்பந்தப்பட்டவர்கள்மீது காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளின்படி 3(b) குற்றச்சாட்டுக் குறிப்பாணை. சஸ்பென்ஷனைவிட இந்த '3(b)'க்குத்தான் காவலர்கள் பயப்படுவார்கள்; பதவியையே பறிக்கக்கூடிய விசாரணை அது. கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் தெரியும்படி வைக்க வேண்டும், அதற்கு உதவி எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் நிலையத்தில் அந்தப் பலகை தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால், கோரிக்கையில் முதல் வரி அதுதான். விசாரணைக்கு அழைப்பதென்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும், ராத்திரி வந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

ஆட்சியரிடம் கேட்க வேண்டியது ஒன்று, பலருக்குத் தெரியாதது: தமிழ்நாடு காவல் நிலையாணை 151. போலீஸ் அடித்துக் காயப்படுத்தியதாகப் புகார் வந்தால் வருவாய் கோட்டாட்சியரோ சப் கலெக்டரோ விசாரித்து அறிக்கை கொடுக்க வழி செய்யும் ஆணை. அம்பாசமுத்திரம் விவகாரத்தில் முதலில் விசாரித்தது சேரன்மகாதேவி சப் கலெக்டர்தான். இதற்கு ஒரு குறையும் உண்டு. விசாரணை இழுத்தடிக்கப்பட்டால் சாட்சிகளைக் கலைக்க நேரம் கிடைத்துவிடும். அதனால் முடிக்க வேண்டிய தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த விசாரணை நடக்கிறது என்பதற்காகக் குற்றப் புகாரை நிறுத்தி வைக்காதீர்கள்.

உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது பெரிய விஷயம். ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-இல் போட்ட வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. எஸ்.பி., நிலைய அதிகாரி போன்றோருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம், சட்டம் ஒழுங்கிலிருந்து புலனாய்வைப் பிரிப்பது எல்லாம் அதில் உண்டு. உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது ஆறாவது: காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில். தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் ஆட்சியர், எஸ்.பி., கூடுதல் எஸ்.பி. அதாவது எஸ்.பி.யின் ஆட்கள் மீதான புகாரை எஸ்.பி.யும் உட்கார்ந்து விசாரிப்பார். நீதிபதி எங்கே போனார் என்பதுதான் கேள்வி. இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் போடப்பட்டன.

இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட மாநிலம் இது. இந்த விஷயத்தில் எதிர்க்கட்சியாக இருக்கும்போது வரும் சூடு ஆளும்போது யாருக்கும் வருவதில்லை. காவல்துறை ஆணையங்களுக்கும் குறைவில்லை. 1969-இல் ஆர்.ஏ.கோபாலசாமி தலைமையில் தொடங்கி, 2022-இல் நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் அமைந்தது வரை அறிக்கைகள் அடுக்கில் இருக்கின்றன. புதிதாக இன்னொன்று வேண்டாம். 2013 சட்டத்தைத் திருத்தி மாவட்டப் புகார் ஆணையத்துக்கு நீதிபதியைத் தலைவராக்குங்கள் என்ற ஒற்றை வரி, காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் எம்.எல்.ஏ. வாயிலிருந்து அவைக் குறிப்பில் ஏற வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேட்க உங்கள் சங்கத்துக்கு வாய் இருக்கிறது.

போராட்ட நாளைப் பற்றி. மறியல் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கூச்சத்தாலோ பயத்தாலோ சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டால் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே ஆகிவிடும், பையனின் கால் காணாமல் போகும். பொதுவழியைக் காலவரையின்றி மறிப்பதை ஷாஹீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. கடையடைப்பு உங்கள் உரிமை. அடைக்காதவன் கடையில் போய் ஷட்டரை இழுத்தால் அது குற்றம். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி மனுவை டி.எஸ்.பி. அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்குங்கள். இடம், நேரம், உத்தேசமாக எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அடித்த துறையிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று உங்கள் ஆட்கள் கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான். கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் 30(2) பிரிவு அமலில் இருக்கிறது என்று காவல் சட்டத்தைக் காட்டி மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடை செய்ய முடியாது என்று 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அந்த மறுப்புக் கடிதத்தோடு மதுரைக் கிளைக்கு வந்துவிடலாம்.

பெண்களையும் குழந்தைகளையும் முன்வரிசையில் கேடயமாக நிறுத்தாதீர்கள். கொடும்பாவி, செருப்பு மாலை எல்லாம் வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்து முழு நிகழ்ச்சியையும் படம் எடுக்க ஆள் வையுங்கள். ஒரு கல் விழுந்தால், அது யார் கல் என்று காட்ட அதுதான் உதவும். பொதுச் சொத்துச் சேத வழக்கு என்றால் ஜாமீனே பெரும்பாடு.

சாதிச் சங்கத்தார் வரட்டும், கூட்டத்தில் நிற்கட்டும். மைக் வேண்டாம். எஸ்.ஐ. என்ன சாதி, பையன் என்ன சாதி என்று ஒருவர் ஆரம்பித்தால் மறுநாள் எஸ்.ஐ.க்கு ஆதரவாக ஒரு போஸ்டர் ஒட்டப்படும். அப்புறம் இரண்டு தரப்பையும் சமாதானக் கூட்டத்துக்குத் தாசில்தார் அழைப்பார். அடித்தவர் நடுவே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் விஷயத்தில் வீட்டாரின் பயம் வீண் பயமல்ல. எஃப்.ஐ.ஆரில் ஐந்து பெயரைப் போட்டு 'மற்றும் பலர்' என்று எழுதிவிட்டு, அந்தப் 'பலரை' பிறகு நிதானமாக நிரப்புவது வழக்கம். தமிழ்நாடு காவலர் தேர்வு விதியில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த இருவரும் அன்று வீட்டில் இருக்கட்டும். மனு டைப் செய்வது, நகல் எடுப்பது, தபால் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் போடுவது என்று வேலை கொட்டிக் கிடக்கிறது, அதில் கேவலம் எதுவும் இல்லை. ஒருவேளை பெயர் ஏறிவிட்டால், விண்ணப்பப் படிவத்தில் மறைக்க மட்டும் கூடாது. வழக்கைவிட மறைப்பதுதான் அதிகம் கெடுக்கும். 2016-இல் அவதார் சிங் வழக்கின் சாரம் அதுதான். தடை உத்தரவை மீறியதாகப் போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும் என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அமைதியாகப் போராடியவர்கள்மீதான வழக்கை ரத்து செய்தது. புதிய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கான 223-ஆவது பிரிவுக்கும் அதையே வைத்து நாங்கள் வாதாடுகிறோம்.

கடைசியாகக் கவுன்சிலர் கொண்டுவந்த 20,000. முடிவெடுக்க வேண்டியவர்கள் பையனும் அவன் அம்மாவும். சங்கமோ நானோ அல்ல. ஆனால் அவர்களிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 120-ஆவது பிரிவுக் குற்றத்தை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அந்தப் பணத்துக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. வாங்கிய மறுநாளே 'பணம் பறிக்கப் புகார் கொடுத்தார்கள்' என்று பேச்சைத் திருப்பவும் முடியும். வைத்தியச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும்தான் அவசரம் என்றால், உங்கள் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். இழப்பீட்டை மனித உரிமை ஆணையத்தில் கேட்டு வாங்குவோம். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

கோட்டாட்சியரிடமிருந்து சம்மன் வந்ததும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்கள். பையனைத் தனியாக அனுப்பாதீர்கள், ஏ.ஆர். காப்பி, படங்கள், தபால் ரசீது எல்லாவற்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லி, அதன்பிறகுதான் அவன் கையெழுத்துப் போட வேண்டும்.